முழுகாதவளைக் காப்பாற்றியவன்

தண்ணீருக்குள் அத்தனை நிம்மதி...

ஏரியின் மேல் குப்புற மிதந்துகொண்டிருந்தாள் சின்னவள். முகம் தண்ணீருக்குள். கைகள் போட்டது போட்டபடி. கூந்தல் அது பாட்டுக்குப் பரவிக் கிடந்தது. அம்மாவின் குரல் கேட்கவில்லை. அக்காவின் குரல் கேட்கவில்லை. "என்னடி முடிவு பண்ணியிருக்க?" என்ற அந்தக் கேள்வி, அப்பாடா, சுத்தமாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருந்தது. அது தீரும் வரைக்குமாவது...

தொபீர்!

யாரோ பின்னாலிருந்து தாடையைப் பிடித்துத் தூக்கினார்கள். இன்னொரு கை தோளைச் சுற்றி வளைத்தது. அவள் உதைத்தாள். முழங்கையால் இடித்தாள். பிடி தளரவில்லை.

"பயப்படாதீங்க! நான் இருக்கேன்!"

"யாருய்யா நீ? விடு... விடுய்யா!"

"பேசாதீங்க, மூச்சு விடுங்க!"

"விட்டுக்கிட்டுத்தான..." வாயைத் திறந்த நேரம் பார்த்துப் பாதி ஏரி உள்ளே போனது.

படகுத்துறை ஏணியில் அவளை ஏற்றிவிட்டபோது நிஜமாகவே இருமிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. மூக்கெல்லாம் தண்ணீர். காட்டேஜ் வாசலிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்த அம்மா அதைத்தான் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு வேறு எது தெரியும்?

"ஐயோ... என் பொண்ணு!"

"ஒண்ணுமில்லம்மா. காப்பாத்தியாச்சு," என்றான் அவன். சொட்டச் சொட்ட நின்றான். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"அம்மா, நான் முழுகவே இல்லம்மா! சும்மா மிதந்துக்கிட்டு இருந்தேன். இந்த ஆளு தான்..."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்மா அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று அழத் தொடங்கிவிட்டாள். அவன் எச்சில் விழுங்கினான்.

"முழுகினவங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க," என்றான் மெதுவாக. "அதிர்ச்சி. சரியாயிடும்."

அம்மா மட்டும் நடுவில் இல்லையென்றால் அவனை அப்படியே திரும்ப ஏரியில் தள்ளியிருப்பாள் சின்னவள்.

விசாரித்ததில், ஐயா நகரத்து நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாம். குளத்துக்கு டைல்ஸ் மாற்றுகிறார்கள் என்று லீவு கொடுத்து அனுப்பினார்களாம். லீவு கிடைத்த மனுஷன் எங்கே போக வேண்டும்? மலைக்குப் போகலாம். வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம். இவன் இன்னொரு தண்ணீரைத் தேடிப் பிடித்து, விசிலையும் மாட்டிக்கொண்டு, பக்கத்து காட்டேஜில் வந்து இறங்கியிருக்கிறான். 'விசில்' என்று அவனுக்குப் பெயர் வைத்தது அத்தான். ஊரில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்காவிட்டால் அக்கா புருஷனுக்குச் சோறு இறங்காது.

அன்றோடு சின்னவள் ஏரியில் இறங்கத் தடை. விசிலுக்கோ தினமும் சாயங்கால டீ அம்மா கையால்.

சின்னவளின் கஷ்டம் இது மட்டுமா? விடுமுறைக்கு என்று கூட்டிக்கொண்டு வந்ததே ஒரு காரியத்துக்காகத்தான். பல் டாக்டர் ஒருவர் வீட்டிலிருந்து பெண் கேட்டிருந்தார்கள். நல்ல இடம். நல்ல பையன். ஒரு முறை பார்த்துப் பேசியாகிவிட்டது. கிளம்பும் நாளன்று பையனின் அம்மா போன் செய்வார். சரியா, வேண்டாமா, சொல்லிவிட வேண்டும். டாக்டரிடம் ஒரு குறை கண்டுபிடித்தால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடலாம். ஒரு சந்தோஷம் வந்தால் 'சரி' என்று சொல்லிவிடலாம். இரண்டும் வரவில்லையே! நல்லவரை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் என்னவென்று சொல்வது? அந்தக் குழப்பம் தாங்காமல்தான் தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்தாள். அதற்கும் ஒருவன் வந்து சேர்ந்தான்.

"உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒரு நாள் டீக் கோப்பையோடு கேட்டான் விசில். அம்மா உள்ளே போயிருந்தாள்.

"காது டெஸ்ட் பண்றது."

"அதுல என்ன பண்ணுவீங்க?"

"கண்ணாடி ரூமுக்குள்ள ஆளை உட்கார வெச்சு, ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்னதா சத்தம் அனுப்புவேன். கேட்டா கையைத் தூக்கணும்." அவள் அவனை முறைத்தாள். "சில பேரு இருக்காங்க. நான் பட்டனையே தொட்டிருக்க மாட்டேன். பாவம், பயத்துல கையைத் தூக்கிடுவாங்க. சத்தமே இல்லாத இடத்துல சத்தம் கேட்கும் அவங்களுக்கு. உங்களை மாதிரி."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள். ஆனால் அவன் சிரித்தது அவளைப் பார்த்து இல்லை. அவள் தோளுக்கு மேலாக ஏரியைப் பார்த்து!

இதுதான் அவளுக்கு ஆகவே ஆகாத விஷயம். பேசுவான். பதில் சொல்வான். கண் மட்டும் ஏரியில்.

"மூஞ்சியப் பாத்துப் பேசவே மாட்டீங்களா?"

"ஸாரிங்க. அங்க ஒருத்தர் ரொம்ப உள்ள போறாரு... பழக்கம். வேலையில யாரு பேசினாலும் தண்ணியிலேர்ந்து கண்ணை எடுக்கக் கூடாது. எங்க மேனேஜர் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது."

சரியான லூசு, என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டு, அன்று இரவு படுக்கையில் புரண்டபோது, 'அவன் கண்ணு என்ன கலர்?' என்று ஏன் யோசித்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. போகிற போக்கில் பார்த்துவிட்டு மறந்துபோகிற கண்கள் இல்லை அவை. பார்க்கவே கிடைக்காத கண்கள்... சே, புத்தி போகிற போக்கைப் பார்!

மறுநாள் டீ நேரத்துக்கு முன்பே தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா கவனித்துவிட்டாள்.

"யாருக்குடி இந்த அலங்காரம்?"

"எனக்குத்தான். ஏன், எனக்கு வாரிக்கக் கூடாதா?"

"வாரிக்கோ, வாரிக்கோ. சீப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்க, அதான் கேட்டேன்."

அப்புறம் அந்த மழை...

ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தவள்மேல் திடீரென்று கொட்டியது. படகுகளை நிறுத்தும் கொட்டகைக்கு ஓடினாள். உள்ளே விசில், ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து இடம் விட்டான். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பேசினால்கூடக் கேட்காது போலிருந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரையேறி ஓடிப்போனார்கள். ஏரி காலி. ஒரு தலை இல்லை, ஒரு படகு இல்லை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான்.

நெற்றியில் ஒட்டிய முடியை, இமையில் தங்கிய துளியை, நடுங்கும் உதட்டை... அவசரமே இல்லாமல் பார்த்தான். அவளுக்கு முதுகில் சிலிர்த்தது. குளிரா? குளிர்தான். குளிராகத்தான் இருக்க வேண்டும். அவன் கண்கள் கரும்பழுப்பு. அதைத் தெரிந்துகொண்டு இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"இப்படிப் பாக்காதீங்க," என்றாள்.

"பாக்க மாட்டேங்கறீங்கன்னு நீங்கதானே திட்டினீங்க?"

"அது... அப்ப சொன்னது."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், அந்த இடத்தில் ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. மழை கொஞ்சம் தணிந்ததும் அவள் வாய் அவளைக் கேட்காமலே பேசியது.

"பல் டாக்டர் வீட்டுக்கு வேண்டாம்னு சொல்லப் போறேன்."

அவனுக்கும் அந்த விஷயம் தெரியும். அம்மாதான் டீயோடு எல்லாக் கதையையும் ஊற்றுவாளே! அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது. ஓரடி பின்னால் போனான்.

"அவசரப்படாதீங்க."

"ஏன்?"

"எங்க ட்ரெயினிங்ல முதல்லயே சொல்லிடுவாங்க. காப்பாத்தினவன் மேல ஒரு... ஒரு மயக்கம் வரும். அது நன்றிங்க. வேற எதுவும் இல்ல. கொஞ்ச நாள்ல தெளிஞ்சிடும். அதை நம்பி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, எடுக்க விடக்கூடாது."

அவளுக்குத் தலை முதல் கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நன்றியா? எதுக்கு நன்றி? என்னை ஏரியைக் குடிக்க வெச்சதுக்கா? நீங்க என்னைக் காப்பாத்தவே இல்ல!"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "காப்பாத்தினேன்," என்றான்.

"எங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!"

அவன் ஏரியைப் பார்த்தான். காலி ஏரியை. மழை முழுதாக விடுவதற்குள்ளேயே அவள் நடந்து போய்விட்டாள்.

காட்டேஜுக்குப் போனதும் அம்மாவிடம் உடைத்துச் சொன்னாள். டாக்டர் வேண்டாம், விசிலைத்தான் பிடித்திருக்கிறது என்று. அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"தங்கமான பையன்தாண்டி. எனக்கே அவனைப் பாத்தா கண்ணு கலங்குது. ஆனா உயிரைக் காப்பாத்தினான்னு கழுத்தை நீட்ட முடியுமா? உனக்கு இப்ப மனசு நிலையா இல்ல. முழுகி எழுந்தவ நீ."

"நான் முழுகலம்மா..."

"சரி, முழுகல. படு."

அதற்கப்புறம்தான் வினையே. எல்லோரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை முழுகித்தான் போனேனா? மூச்சு மிச்சமிருந்தது என்று நினைத்தது பிரமையா? இது வெறும் நன்றிதானா? நன்றி என்றால் அவன் டீக்கு வருவதற்கு முன்பே நான் ஏன் தலை வாரிக்கொண்டு நிற்கிறேன்? பல் டாக்டரைப் பற்றியாவது 'தெரியவில்லை' என்று தெரிந்தது. இவனைப் பற்றி அதுகூடத் தெரியவில்லை. தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாத அழுகை.

கிளம்பும் நாள் வந்தது. அத்தான் பெட்டிகளை காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். போனை மேஜைமேல் வைத்து, அது அடிப்பதற்காக எல்லோரும் காத்திருப்பதைப் போலக் காட்டிக்கொள்ளாமல் காத்திருந்தார்கள். சின்னவள் ஜன்னலோரம் நின்றாள். 'சரி' என்று சொல்லிவிடலாம். சொந்த மனதையே நம்ப முடியாதவள் வேறு என்ன சொல்வது?

வாசலில் நிழல் விழுந்தது.

"வா தம்பி, வா! உன்கிட்ட சொல்லாமப் போயிடுவோமா?" என்று எழுந்தாள் அம்மா.

விசில் உட்காரவில்லை. இரவெல்லாம் தூங்காத முகம்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு அன்னைக்கு முழுகல."

அத்தான் தூக்கிய பெட்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"முழுகறவங்க, கிட்ட போனா பிடிச்சுப்பாங்க. விடவே மாட்டாங்க. மேல ஏறிக்கப் பாப்பாங்க. இவங்க என்னை உதைச்சாங்க, திட்டினாங்க. ஏணிக்கு வர்றதுக்குள்ள எனக்குப் புரிஞ்சுபோச்சு. தண்ணி குடிச்சதுகூட என்னாலதான். சொல்லணும்னு வாயெடுத்தேம்மா. நீங்க கையைப் பிடிச்சு அழுதீங்க. எங்க வேலையில இதைவிட அவமானம் கிடையாது, நல்லா இருக்கறவங்களை இழுத்துக்கிட்டு வர்றது. முழுங்கிட்டேன்."

அம்மாவின் முகம் கறுத்தது. "அப்ப என் பொண்ணைப் பொய்க்காரின்னு நினைக்க வெச்சியா? நானும் உனக்கு தினம் தினம் டீ போட்டுக் கொடுத்து... எப்படிப்பா மனசு வந்துச்சு உனக்கு?"

"தப்புத்தாம்மா."

"இத்தனை நாள் சொல்லாதவன் இன்னைக்கு எதுக்கு வந்து சொல்ற?"

அவன் சின்னவளைப் பார்த்தான்.

"நான் சொல்லலன்னா, இவங்க மனசுல என்ன இருந்தாலும் அதுக்கு எல்லாரும் நன்றின்னுதான் பேரு வைப்பீங்க. நானே வெச்சேன். இவங்க டாக்டருக்குச் சரின்னு சொன்னாலும், வேண்டாம்னு சொன்னாலும், அது இவங்க சொன்னதா இருக்கட்டும்." கழுத்து விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "எனக்கு இவங்களைப் பிடிச்சிருக்கும்மா. எப்பலேர்ந்துன்னு கேட்டா சத்தியமா தெரியல. உதைச்சப்பவா, திட்டினப்பவா... தெரியல."

சின்னவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முட்டாள். மடையன். காட்டேஜே கொண்டாடிய மரியாதையை ஒரே நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிட்டு நிற்கிறான். அவனை ஓங்கி ஒன்று போடலாமா, ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று அவள் கைகளுக்கே குழப்பம்.

"இப்ப என்னடி சொல்ற?" என்றாள் அம்மா கோபம் தணியாமல். "நன்றி சொல்றதுக்கு இனி ஒண்ணும் இல்ல. ஏமாத்தியிருக்கான். இப்பச் சொல்லு பாப்போம்."

அப்போது பார்த்து போன் அடித்தது.

அம்மா கை நீட்டுவதற்குள் சின்னவள் எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நான்தான் பேசறேன்... நல்லா இருக்கேன். ஆன்ட்டி, உங்க பையன் மேல ஒரு குறையும் கிடையாது. ஆனா எனக்கு வேண்டாம். மன்னிச்சிடுங்க." கொஞ்சம் கேட்டாள். "ஆமா, வேற ஒருத்தரைப் பிடிச்சிருக்கு... ஆமா, ஏரியிலேர்ந்து தூக்கினவருதான். அம்மா உங்ககிட்டயும் சொன்னாங்களா?" வாசலில் நின்றவனையே பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல ஆன்ட்டி, அவரு என்னைக் காப்பாத்தவெல்லாம் இல்ல. எனக்காக எதுவுமே செய்யல. ஏன் பிடிச்சிருக்குன்னு எனக்கே தெரியல... ஆனா ரொம்பப் பிடிச்சிருக்கு."