மறுமுனை பிடித்தவன்

நேற்று அளந்ததைவிட இன்று அறை முக்கால் அடி குறைந்திருந்தது.

சபாபதிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நாளை மறுநாள் நில அளவைப் பரீட்சை. தேறினால் சர்வேயர் வேலை, தவறினால் காப்பார் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி அப்பாவோடு பால்மரம் வெட்ட வேண்டும். அந்தப் பயத்தில்தான் மற்ற பையன்களெல்லாம் ஊருக்குப் போயும் அவன் மட்டும் பிரிக்பீல்ட்ஸில் தங்கி, தன் அறையையே அளந்து அளந்து பழகிக்கொண்டிருந்தான்.

தெரு முழுக்கத் தொழிற்பள்ளி மாணவர்கள்தான். முன்பு அங்கே செங்கல் சூளை இருந்தது. மண் எடுத்த பள்ளங்களை மூடி, மிஞ்சிய கல்லை வைத்தே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அறைக்கு வருபவன் அதை அளந்து, கதவின் உட்புறம் பெயரோடு எழுதிவைப்பது இந்த வீட்டு வழக்கம். கார்த்திகேசு, 1911, பன்னிரண்டு அடி. அய்யாவு, 1916, பதினொன்றரை. ஜெயராஜ், 1922, பதினொன்று. கடைசியில் அவன் கையெழுத்து: சபாபதி, 1927, பத்தரை. முன்னால் இருந்தவர்களுக்கு அளக்கத் தெரியவில்லை என்றே நினைத்திருந்தான்.

"இவங்கல்லாம் இப்ப எங்கக்கா வேலை செய்யறாங்க?" என்று காலையில்தான் வீட்டுக்காரி பவுனம்மாளிடம் கேட்டான்.

"யாரு கண்டா தம்பி? ஒருத்தனும் சொல்லிட்டுப் போகல. பெட்டியக்கூட எடுக்கல." பாசாருக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மத்தியான மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. வெளியே எழ வேண்டிய ஈரமண் வாசனை அறைக்குள்ளேயே, சுவரிலிருந்தே வந்தது. இன்னொரு தடவை அளந்து பார்த்துவிடலாம் என்று டேப்பின் பித்தளை வளையத்தைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் பின்னால் நடந்தான். திடலில் அளக்கும்போது எப்போதும் இருவர். மறுமுனையில் நிற்பவனைக் கேட்டுவிட்டுத்தான் அளவைப் படிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், தனியாக இருப்பதை மறந்து, குரல் கொடுத்துவிட்டான்.

"பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன்."

சுவருக்குள்ளிருந்து.

டேப்பு விறைத்தது. ஒன்பது அடி. எட்டு. கையிலிருந்ததை உதறிவிட்டுக் கதவுக்கு ஓடினான். உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. எதிர்ச்சுவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து கதவின்மேல் அழுத்தியிருந்தது. இழுத்தான். அசையவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் இல்லை. செங்கல்.

"பவுனக்கா! அக்கா!"

இரண்டு கையாலும் சுவரைத் தள்ளினான்.

ஐந்து அடி. மூன்று.

இருட்டு. வாய் நிறைய மண். உடம்பில் எதுவும் அசையவில்லை, கல்லிடுக்கில் இரண்டு விரல் நுனிகளைத் தவிர. எத்தனை மழை பெய்து ஓய்ந்ததோ.

பிறகு விரலில் பித்தளை வளையம் பட்டது. இடுக்குக்கு அப்பால் வெளிச்சம். யாரோ ஒரு பையன் டேப்பைப் பிடித்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தான். கேட்காதே, தம்பி, கேட்காதே என்று சபாபதி கத்தப் பார்த்தான்.

"பிடிச்சியா?"

சபாபதியின் வாய் தானாகத் திறந்தது.

"பிடிச்சிட்டேன்."