கல் வரும் பாதையில் ஒரு கூடு

ராஜாவின் கல் கண்டகி ஆற்றங்கரையில் வந்து இறங்கிவிட்டது என்று கேட்டதிலிருந்து அம்பகாமத்தில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை.

சாதாரணக் கல்லா அது? பாடலிபுத்திரத்து பியதசி ராஜா, தன் மக்களிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் செதுக்கி அனுப்பிய கல்தூண். பனைமரத்தைப் படுக்கவைத்தது போல நீளம். எண்ணெய் பூசியது போல வழவழப்பு. தெப்பத்தில் மிதந்து வந்த அதை நிறையச் சக்கரங்கள் உள்ள வண்டியில் ஏற்றியிருந்தார்கள். முன்னால் எருதுகள். இரண்டு பக்கமும் வடக்கயிறு பிடித்த ஆட்கள். நடுவில் 'தம் தம்' என்று முரசு. முரசு அடிக்கும்போதெல்லாம் எல்லாரும் சேர்ந்து ஒரே இழுப்பு.

ஊரே கல்லைப் பார்க்க ஓடியது. ஆடு மேய்க்கும் கேமாவும் ஓடினாள். ஆனால் அவள் போய் நின்றது வேடிக்கை பார்க்கிற இடத்தில் இல்லை. பாதைக்கு நடுவே.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கத்தினாள்.

முரசு நின்றது. எருதுகள் நின்றன. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்கள் முதுகில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

கல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு உக்கிரசேனன் என்ற அதிகாரியுடையது. பெயரில் இருந்த உக்கிரம் அவர் குரலில் இல்லை. கோபம் வந்தால் அது கீச்சென்று மேலே ஏறிவிடும்.

"யாரு புள்ள நீ? ராஜாவோட கல்லு வருது, குறுக்க வந்து நிக்கிற!" என்று கீச்சிட்டார்.

"நான் இல்லைங்க ஐயா, குறுக்க இருக்கிறது. இவங்கதான்."

கேமா தன் காலடியைக் காட்டினாள். பாதைக்கு நடுவே, சரளைக் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள் கிடந்தன. மண் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. அவள் காட்டியிராவிட்டால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. வரப்பில் ஓர் ஆட்காட்டிப் பறவை அங்குமிங்கும் ஓடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"நடு வழியிலயா முட்டை போடும்? அறிவு கெட்ட பறவை!"

"போன மாசம் நீங்கதான ஐயா வந்து சரளை கொட்டுனீங்க? ஆட்காட்டிக்குச் சரளைன்னா ரொம்பப் பிடிக்கும். தனக்குத்தான் கொட்டியிருக்காங்கன்னு நினைச்சிருச்சு."

கயிறு பிடித்தவர்களில் சிலர் சிரித்தார்கள். உக்கிரசேனன் திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள்.

"சுத்திப் போகலாமே ஐயா," என்றாள் கேமா.

"எங்க சுத்தறது? இந்தப் பக்கம் குளம். அந்தப் பக்கம் சேத்து வயல். வண்டி இறங்கினா அடுத்த வருஷம்தான் ஏறும். மேல பாரு!"

கேமா பார்த்தாள். வடக்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துவிட்டால் பாதை கரைந்துவிடும். எதிரே தெரிகிற மேட்டை அதற்குள் எட்டினால்தான் கல் தப்பிக்கும். உக்கிரசேனன் முகத்தில் இருந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான் என்று அவளுக்குப் புரிந்தது. பாவமாகக்கூட இருந்தது.

ஆனாலும் அவள் விலகவில்லை.

"ஐயா, அந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"எல்லா உயிர்கிட்டயும் அன்பா இருக்கணும்னு..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கூட்டத்தில் மறுபடியும் இருமல்.

உக்கிரசேனன் விட்டுக்கொடுப்பதாக இல்லை. "சுதத்தா!" என்று கூப்பிட்டார்.

வண்டிமேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் குதித்து இறங்கினார். தூணில் எழுத்துச் செதுக்கியவர் அவர்தான். இன்னும் காது மடலில் கல்தூள் ஒட்டியிருந்தது.

"எந்தெந்த உயிரைக் கொல்லக் கூடாதுன்னு ராஜா சொல்லியிருக்காரில்ல, அதைப் படி."

சுதத்தன் கல்லின் மேல் குனிந்து, விரலால் தடவித் தடவிப் படித்தார். "கிளி இருக்கு. மைனா இருக்கு. அன்னம், வௌவால், ராணி எறும்பு, ஆமை, முள்ளம்பன்றி, அணில்..."

"ஆட்காட்டி?"

சுதத்தன் இன்னொரு முறை தேடினார். "இல்லைங்க."

"பாத்தியா!" உக்கிரசேனன் குரல் மகிழ்ச்சியில் இன்னும் மேலே ஏறியது. "ஆட்காட்டி இல்லை!"

கேமா யோசித்தாள். எறும்பைக்கூட நினைத்துப் பார்த்த ராஜா ஆட்காட்டியை மறந்திருப்பாரா?

"கல்லுல இடம் பத்தியிருக்காதுங்க ஐயா," என்றாள்.

சுதத்தன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சத்தியமா அதாங்க உண்மை! கடைசி வரிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராஜா இன்னொரு பறவையைச் சொல்லியிருந்தா கல்லுக்கு அடியிலதான் எழுதியிருக்கணும்."

இப்போது யாரும் இருமவில்லை. எல்லாருமே வெளிப்படையாகச் சிரித்தார்கள். உக்கிரசேனன் மீசையும் லேசாகத் துடித்தது. ஆனால் வானத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"சரி, தூக்கி ஓரமா வை. சீக்கிரம்!"

"ஒரேயடியா தூக்கி வச்சா அம்மாவுக்கு அடையாளம் தெரியாதுங்க. விட்டுட்டுப் போயிரும். கொஞ்சம் கொஞ்சமா நகத்தணும். நேத்து என் ஆட்டுக்குட்டி தட்டி ஒரு முட்டை உருண்டு போச்சு. பறவை அது பக்கமே நகந்து உக்காந்துச்சு. அதே மாதிரி செஞ்சா வரும்."

"வருமா? நிச்சயமா?"

கேமாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. "வரும்னு நினைக்கிறேன்," என்று உண்மையைச் சொன்னாள்.

உக்கிரசேனன் பெருமூச்சு விட்டார். கையைத் தூக்கி எல்லாரையும் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார்.

கேமா ஒரு முழம் தள்ளிச் சின்னதாகக் குழி பறித்தாள். பழைய கூட்டின் சரளையையே அள்ளி அதில் பரப்பினாள். நான்கு முட்டைகளையும் மெல்ல எடுத்து வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

பறவை வந்தது. பழைய இடத்தைப் பார்த்தது. புதிய இடத்தைப் பார்த்தது. இரண்டு முறை கத்தியது. பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் விட்டு, கேமா மறுபடி நகர்த்தினாள். மறுபடி வந்தது. இப்படியே மெல்ல மெல்ல, குளக்கரைப் பக்கம் சரளை அகலமாகக் கொட்டிக் கிடந்த ஓரத்தை நோக்கிக் கூடு போய்க்கொண்டிருந்தது.

கயிறு இழுக்க வந்தவர்கள் சத்துமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பக்குலன் என்பவர் ஒரு காலை நீட்டித்தான் உட்காருவார். கலிங்கப் போரில் பட்ட அடி.

"இந்த வழி எவ்வளவு பாத்திருக்கு!" என்றார் அவர். "தாத்தா சந்திரகுப்த ராஜா காலத்துல தேரு போச்சு. மகன் பிந்துசார ராஜா காலத்துல யானைப் படை போச்சு. பேரன் இவரு காலத்துல நாங்க கலிங்கத்துக்குப் போனோம். எது குறுக்க வந்தாலும் நிக்காதேன்னு சொன்னாங்க. நிக்கல. இன்னிக்கு நின்னது நல்லாத்தான் இருக்கு."

பக்கத்தில் இருந்தவர் தன் சத்துமாவில் பாதியை அவரிடம் நகர்த்தினார்.

இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. கேமா முட்டைகளைக் கடைசிக் குழியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து ஓர் எருது தலையை ஆட்டியது. கழுத்து மணி கணீரென்று அடித்தது.

பறவை விருட்டென்று எழும்பிக் குளத்துக்கு அந்தப் பக்கம் பறந்துவிட்டது.

எல்லாரும் காத்திருந்தார்கள். பறவை வரவில்லை. மேகம் இன்னும் கறுத்தது. குளிர்காற்று வீசியது. கேமாவுக்குக் கண் கலங்கியது. 'நான்தான் கெடுத்துவிட்டேனோ? முட்டைகள் ஆறிப் போய்விடுமோ?'

அப்போது உக்கிரசேனன் ஒரு காரியம் செய்தார். புல்லைக் கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு, பட்டு அங்கவஸ்திரம் மண்ணில் புரள, எருதுகளுக்கு நடுவே புகுந்தார். ஒவ்வொரு மணிக்குள்ளும் புல்லை அடைத்தார். ஓர் எருது அந்தப் புல்லைச் சாப்பிடப் பார்த்தது. அதன் மூக்கில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. குளத்துத் தவளைகூடப் பேசவில்லை.

பறவை வந்தது. வரப்பில் இறங்கியது. ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது. பிறகு சிறகைக் குவித்து முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"இப்ப முரசடிச்சா மறுபடி பறந்துரும்," என்றாள் கேமா குசுகுசுவென்று.

"முரசு இல்லாம எப்படி எல்லாரும் ஒண்ணா இழுக்கிறது?" உக்கிரசேனனும் குசுகுசுவென்றே கேட்டார்.

கேமா தலையில் கட்டியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள். "காதால கேக்கிறதுக்குப் பதிலா கண்ணால பாக்கட்டும். நான் இதை இறக்கும்போது இழுக்கணும்."

வண்டிக்கு முன்னால், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அவளை ஓர் எருதின் முதுகில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அவள் துணியைத் தூக்கினாள். நூற்றுக்கணக்கான கைகள் கயிற்றை இறுக்கின. இறக்கினாள். கல் நகர்ந்தது.

தூக்கினாள், இறக்கினாள். தூக்கினாள், இறக்கினாள். மூச்சுச் சத்தம் மட்டும்தான். கூட்டுக்கு நேராக வந்தபோது ஒரு சக்கரம் 'கிரீச்' என்று முனகியது. பறவை பாதி எழுந்தது. சிறகை விரித்தது.

கேமாவின் கை அப்படியே நின்றது. எல்லாரும் கயிற்றோடு சிலையானார்கள்.

பறவை ராஜாவின் கல்லை மேலும் கீழும் பார்த்தது. அதில் தனக்கு வேலை ஒன்றும் இல்லை என்று தோன்றியதோ என்னவோ, முட்டைகளை அலகால் ஒருமுறை திருப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

கல் கடந்து போனது. மேட்டில் ஏறி, கடைசிச் சக்கரம் கெட்டித் தரையைத் தொட்டதும்தான் முதல் மழைத்துளி உக்கிரசேனன் மூக்கில் விழுந்தது.

"வந்துட்டோம்!" என்று அவர் கீச்சிட்டார். அவ்வளவு நேரம் அடக்கிவைத்த சத்தமெல்லாம் எல்லார் வாயிலிருந்தும் ஒன்றாகக் கிளம்பியது. முரசுக்காரர் தன் பங்குக்கு ஆசை தீர அடித்தார். பக்குலன் ஒற்றைக் காலில் ஆடினார். உக்கிரசேனன் சேறென்றும் பார்க்காமல் தரையில் தொப்பென்று உட்கார்ந்து சிரிசிரியென்று சிரித்தார்.

ஊர்ப் பெண்கள் கூடை கூடையாக அவலும் தயிரும் வெல்லமும் கொண்டுவந்தார்கள். கேமாவின் அம்மா மகளை எருதின் முதுகிலிருந்து இறக்கி, ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள்.

"ராஜாவோட கல்லையே நிறுத்திட்டியாமே? பயமா இல்லையாடி?"

"இருந்துச்சும்மா. இப்பதான் போச்சு," என்றாள் கேமா.

அவளுக்கு அப்போதுதான் பசி தெரிந்தது. தயிரில் அவலைப் போட்டு, மேலே வெல்லத்தை நொறுக்கிக்கொண்டு, ஒரு மரத்தடியில் ஒதுங்கி, குளக்கரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மழை வலுத்துப் பெய்தது. தூரத்தில், சிறகுக் குடைக்குக் கீழே நான்கு முட்டைகளும் நனையாமல் இருந்தன.