மூன்றாவது காகித உருவம்

மூன்றாவது காகித உருவம் ஈரமாக இருந்தது.

வருடக் கடைசி நாள். ஷிண்டோ கோயிலில் தரும் ஆள் வடிவக் காகிதத்தில் பெயர் எழுதி, உடம்பில் தேய்த்து, மூன்று முறை ஊத வேண்டும். நோயும் தீட்டும் அதில் இறங்கிவிடும். கோயிலில் அதை ஆற்றில் விடுவார்கள். ஹிசயோ காலையில் மூன்று எழுதினாள். தனக்கு, ஆறு வயது மகள் சுமிரேவுக்கு, கணவன் தகெயோவுக்கு.

தகெயோ இறந்து நாற்பத்தொரு நாள். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. கிழிக்க மனம் வராமல் அதை மேசையிலேயே விட்டாள். இப்போது அது, அவள் வைக்காமலே, கோயிலுக்கு எடுத்துவந்த உறைக்குள் இருந்தது.

வீட்டில் சாவு விழுந்தால் ஐம்பது நாள் கோயில் வாயிலைத் தாண்டக் கூடாது. ஆனால் தகெயோவைக் கொண்டுபோன அதே இருமல் சுமிரேவுக்கு வந்திருந்தது. மருந்துக்குக் கேட்கவில்லை. அந்த இருமலை ஆற்றில் விட்டாக வேண்டும்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாயிலைத் தாண்டினாள். பயம் வரவில்லை. அவன் போனதிலிருந்து எதுவுமே வரவில்லை.

பனி மிதிபட்டுக் கறுத்திருந்த முற்றத்தில், வரிசையில் நின்றவர்களின் வாயிலிருந்து வெள்ளை ஆவி எழுந்து, ஈர மரத்தின் வாசனையோடும் கொதிக்கும் அரிசிப் பானத்தின் இனிப்போடும் கலந்து, கூரை விளிம்புவரை போய்க் கரைந்தது.

காகித உருவங்களைப் போடும் பெட்டியருகே கசுயே இருந்தாள். பக்கத்துத் தெருக்காரி. கோயிலில் வேலை.

"ஏம்மா ஹிசயோ, அம்பது நாள் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுக்கா."

"அதுக்குள்ளயா! கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் லேட்டா வந்த மனுஷன். போறதுக்கு மட்டும் என்ன அவசரமோ." உறையைப் பிரித்தாள். "மூணா?"

ஹிசயோ உறையை வாங்கிக் கவிழ்த்தாள். மூன்றும் பெட்டிக்குள் விழுந்தன.

கையை விட்டு முன்னால் ஓடிய சுமிரே, படி இறங்கும்போது ஒரு தடவைகூட இருமவில்லை.

"நல்லா ஊதினியா கண்ணு?"

"என்னோடத ஊதல. அப்பாவோடதத்தான் ஊதினேன்."

"ஏன்?"

"அப்பாவுக்கு ஊத வரலையாம். என் மூச்சக் கேட்டாரு. குடுத்துட்டேன். அப்புறம் உன் உறையில வெக்கச் சொன்னாரு."

ஹிசயோ நின்றாள்.

சுமிரே பேசிக்கொண்டே இறங்கினாள். வாய் அசைந்தது. ஆவி வரவில்லை.

ஒரு சொல்லுக்கும் வரவில்லை.

அவளுடைய வலது கை மேலே உயர்ந்து, எதையோ பற்றியிருந்தது.

அவள் தலைக்கு மேல், ஓர் ஆள் உயரத்தில், யாருமில்லாத இடத்தில், வெள்ளையாக மூச்சு எழுந்தது. அடங்கியது.

எழுந்தது.