ஒரு வாய் தண்ணீர்

மாடிப்படியில் பாதி ஏறிய பிறகுதான் சேதுபதிக்கு உறைத்தது. ஊளை கேட்கவில்லை.

வழக்கமாக டன்லப் தெரு முனையில் கம்பெனி லாரியை விட்டு இறங்கும்போதே கேட்டுவிடும். கீழ்க்கடையில் சுந்தரத்தின் மாவு மில் போடும் இரைச்சலையும் மிளகாய் நெடியையும் தாண்டி, மாடி அறையில் பூட்டிக் கிடக்கும் அவன் நாய் ஜூடியின் அழுகை தெருவுக்கே வந்துவிடும். இன்று மில் மட்டும் ஓடியது. பாவி மனுஷன் வண்டியைக் கூப்பிட்டுவிட்டான் என்று நினைத்ததும் சேதுபதிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. தெருநாய்களைச் சுட்டு அள்ளிக்கொண்டு போகும் வண்டி அது. இன்னும் ஒரு தடவை ஊளை கேட்டால் நாய் அந்த வண்டியில் போகும், நீ பெட்டியோடு தெருவில் போவாய் என்று வீட்டுக்காரரான சுந்தரம் ஒரு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தார்.

பூட்டு போட்டபடியே இருந்தது. உள்ளே ஜூடி நாற்காலியின் பக்கத்தில் படுத்திருந்தது. மேலே பாயவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைத் திருப்பி நாற்காலியைப் பார்த்தது. அதன் முதுகில் காலையில் அவன் போட்டுவிட்டுப் போன அழுக்குச் சட்டை தொங்கியது. பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன.

தானே போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டான். கோபம் மட்டும் இறங்கவில்லை. இரண்டு மாதமாகவே அது அவனை விட்டு இறங்கவில்லை.

அப்போதுதான், காத்தோங் பங்களாவில் அவன் கார் ஓட்டிய வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு சொந்த ஊருக்குக் கப்பல் ஏறினார். பியானோவுக்குப் பெட்டி செய்தார்கள். பீங்கான் தட்டுக்கு ஒவ்வொன்றாக வைக்கோல் சுற்றினார்கள். ஆறு வருஷம் மடியில் வைத்துக் கொஞ்சிய நாயை மட்டும் கேட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் சம்பள பாக்கிக்குப் போன சேதுபதி பார்த்தபோது, கழுத்துக் கயிற்றை இழுத்து இழுத்து ஜூடியின் தோல் உரிந்திருந்தது. மனிதர்களா இவர்கள் என்று காலி வீட்டைப் பார்த்துக் கத்தினான். காலி வீடு என்ன சொல்லும்? நாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஜூரோங்கில் பலகை ஆலை வேலையும் கிடைத்தது. போன வாரம் ரம்பம் அவன் இடது கட்டைவிரல் நகத்தை எடுத்துக்கொண்டது.

அவன் கதவைச் சாத்தினால் போதும், ஜூடி கதவைப் பிறாண்டி ரத்தம் வரவைத்துக்கொள்ளும். போலீஸ் நாய் பழக்கும் ஒருவர் காப்பிக்கடையில் வழி சொன்னார். வெளியே போ, அது அழும் முன்னால் திரும்பி வா. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து வா. உன் வேர்வைச் சட்டையை அதன் பக்கத்தில் விட்டுப் போ. அப்படியே செய்தான். வாசலைத் தாண்டுவான், கதவுக்கு வெளியே நின்று, "நான் இங்கதான் இருக்கேன்" என்பான், உள்ளே வருவான், மறுபடி போவான்.

பக்கத்து அறைத் தங்கம் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. பகல் தூக்கம் போன எரிச்சலையும் மீறி அவளுக்கு இதில் வேறொரு கவலை.

"வாசல் தாண்டினவன் திரும்பி உள்ள வந்தா, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கெளம்பணும், தம்பி."

"ஒரு நாளைக்கு இருவது தடவ போய் வரேன், அக்கா. இருவது தடவயும் குடிச்சா வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"வெளயாடாதீங்க லா. ஆளே போனது பாதி, நின்னது பாதின்னு ஆயிடும்."

அவளே ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நாய் உயிருக்கு மன்றாடும் நேரத்தில் சாத்திரம் பேசுகிறாளே என்று அவன் அதைத் தொடவே இல்லை. வீம்புதான். தண்ணீரில் தூசி படிந்தது.

இப்போது அந்தத் தம்ளர் காலியாக இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தான், உடனே எழுந்தான். பிரம்பு இருக்கை சூடாக இருந்தது. சட்டையை எடுத்து முகர்ந்தான். ஈரமான புது வேர்வை, பலகை ஆலையின் மரத்தூள்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கம் அக்கா கொட்டாவி விட்டாள். "இன்னைக்கு லீவா, தம்பி? பகலெல்லாம் அதுகிட்ட பேசிட்டே இருந்தீங்க. எனக்கு நல்ல தூக்கம்."

"நான் வேலைக்குப் போனேன், அக்கா." குரல் தடித்தது. "யாரோ என் அறைக்குள்ள வந்திருக்காங்க."

"நீங்கதான். எனக்கு உங்க கொரல் தெரியாதா?"

சுந்தரம் மாற்றுச் சாவி கொடுத்து ஆள் அனுப்பியிருக்கிறார் என்று முடிவு கட்டினான். மறுநாள் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தான். நாற்காலியை மூலைக்குத் தள்ளினான். புதுப்பூட்டு வாங்கிப் போட்டான். மதியம் வேலையை விட்டுப் பாதியில் கிளம்பினான். பிடித்தால் கையை முறிப்பது என்ற வெறியோடு பேருந்தில் வந்தான். மழை கொட்டியது. மில் நின்றிருந்தது. படிக்கட்டு முழுவதும் ஈர மாவு வாசம்.

புதுப்பூட்டு தொங்கியது. திறந்தான். தள்ளினான்.

கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜூடி உறுமியது. முன்பின் தெரியாதவனைப் பார்த்து உறுமும் உறுமல்.

"சும்மா இரு ஜூடி. நான் இங்கதான் இருக்கேன்."

அவன் குரல். உள்ளேயிருந்து.

பலகை இடுக்கில் கண்ணை வைத்தான். நாற்காலி ஜன்னலோரம் வந்திருந்தது. சட்டை தெரிந்தது. சட்டைக்குள் தோள் இருந்தது. ஒரு கை இறங்கி ஜூடியின் காதுக்குப் பின்னால் சொறிந்தது. கட்டைவிரலில் நகம் இல்லை. இன்னொரு கை தம்ளரை எடுத்தது. தண்ணீர் தொண்டையில் இறங்கும் சத்தம். நிதானமாக. ஒரு வாய்.

"குடிச்சிட்டேன், அக்கா."

"நல்லது தம்பி," என்றாள் தங்கம் அக்கா, தூக்கத்தில். "போயிட்டு வாங்க."

நாற்காலி முனகியது. உள்ளே இருந்தது எழுந்துவிட்டது. காலடிகள் கதவை நோக்கி.

அக்கா, நான் வெளியில நிக்கிறேன். சொல்ல வாயைத் திறந்தான். சொல்லுக்குப் பதில் அடிவயிற்றிலிருந்து ஊளை கிளம்பியது, நீளமாக, மேலே மேலே ஏறி, தெரு வரைக்கும் போனது.

கீழே சுந்தரம் கத்தினார். "மறுபடி ஆரம்பிச்சிடுச்சா அந்த நாய்? வண்டி தெருமுனையிலதான் நிக்குது. இதோ கூட்டிட்டு வரேன்."

அவன் கதவைப் பிறாண்டினான். நகங்கள் பெயர்ந்தன. பலகையில் ரத்தம் கோடு கோடாக இழுபட்டது. ஊளை நிற்கவில்லை. படியில் பூட்ஸ் சத்தம் ஏறியது.

உள்ளே ஜூடி அமைதியாக இருந்தது.