இடக்கை முடிச்சு

ஏப்ரன் நாடாவைக் கட்டியது தானேதான் என்று நெவேனா முதலில் நினைத்துக்கொண்டாள்.

காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் நுழையும்போதே பிரசவத்துக்குக் காத்திருந்தவளின் மாமியார் வெலிகா வாசலில் மறித்து நின்று, உடம்பில் முடிச்சு இருந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தாள். பிள்ளை பெறும் வீட்டில் எதுவும் கட்டியோ பூட்டியோ இருக்கக் கூடாது. ஒரு முடிச்சுக்கு ஒரு மணி நேரம் வலி கூடும் என்பது அந்த மலையூரின் கணக்கு. கை கோத்து உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அரசாங்க மருத்துவச்சியாக இருக்கும் நெவேனா இதையெல்லாம் எதிர்த்துப் பேசுவதை எப்போதோ விட்டிருந்தாள். பூட்ஸ் கயிற்றைத் தளர்த்தினாள், தலைத்துணியை அவிழ்த்தாள், ஏப்ரன் நாடாக்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டாள்.

கை கழுவக் குனிந்தபோது இடுப்பில் ஏதோ இறுக்கியது. பின்னால் தடவினாள். நாடா கட்டியிருந்தது. இரட்டைச் சுற்று, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி, நுனி உள்ளே செருகியிருந்தது. அவளுடைய முடிச்சுதான் அது. அவள் இடக்கைக்காரி; சோஃபியாவில் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது அவள் போட்ட முடிச்சை வேறு யாராலும் லேசில் அவிழ்க்க முடியாது என்று தோழிகள் கேலி செய்வார்கள். கைப்பழக்கம் என்று சொல்லிக்கொண்டு அவிழ்த்துவிட்டாள்.

வீடு முழுக்கத் திறந்து கிடந்தது. அலமாரிக் கதவுகள், மாவுப் பெட்டியின் மூடி, அடுப்பின் இரும்புக் கதவு, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவுகூட. ஜன்னல்களைப் பாதிவரை பனி மூடியிருந்ததால் காலை வெளிச்சம் சாம்பல் கலந்த நீலமாக, மேல் பாதியில் மட்டும் வடிந்து உள்ளே வந்தது. திறந்த அடுப்பிலிருந்து கசிந்த ஓக் மரப் புகையும், கொதிக்கும் வெந்நீரின் ஆவியும், அதற்கெல்லாம் அடியில், இந்தப் பருவத்தில் எங்கிருந்து வருகிறதென்று தெரியாத, கிளறிய ஈர மண்ணின் வாசனையும் அறையில் நின்றன. காற்று அடிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு கதவு முனகி, இன்னொன்று அதற்குப் பதில் சொல்வதுபோல முனகியது. கட்டவிழ்த்த குதிரை முற்றத்துப் பனியில் சுற்றிச் சுற்றி நடந்தது.

கட்டிலில் ருசானா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிரசவம், வலி தொடங்கியது முந்தின நாள் மத்தியானம். வெலிகாவின் மகன் நைதெனுக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் தோன்கா இதே அறையில், இதே கட்டிலில்தான் செத்தாள். மூன்று வருஷமாகிறது. இரண்டு நாள் வலி. குறுக்கே கிடந்த பிள்ளை வெளியே வரவேயில்லை. அப்போதும் வந்தவள் நெவேனாதான்.

சோதித்துப் பார்த்தாள். கர்ப்பவாய் நான்கு விரல் திறந்திருந்தது; ஐந்து விரல் ஆனால் பிள்ளை வந்துவிடும். தலை கீழேதான் இருந்தது. பனிக்குடம் உடைந்து நீர் தெளிவாக வந்திருந்தது. பிள்ளையின் இதயம், வயிற்றில் வைத்துக் கேட்கும் மரக்குழலில், குதிரைக் குளம்புபோல ஓடியது. எல்லாம் சரி.

“இன்னும் ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான்,” என்றாள்.

“போன தடவையும் ரெண்டு மணி நேரம்னுதான் சொன்ன,” என்றாள் வெலிகா, அடுப்பைப் பார்த்தபடியே.

இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தபோது மூன்று விரல்தான் இருந்தது.

நெவேனா கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கர்ப்பவாய் வீங்கினால் அப்படித் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. வலி எதனால் நீள்கிறது என்பதும் புத்தகத்தில் இருக்கிறது: தலைப்பிரசவம், பிள்ளையின் முதுகு தாயின் முதுகோடு ஒட்டியிருப்பது, நிறைந்த மூத்திரப்பை, சோர்ந்த கர்ப்பப்பை, பயம். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூத்திரம் போகவைத்தாள். தேன் கலந்த லிண்டன் பூத் தேநீரை மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். தோளில் சாய்த்து அறைக்குள் நடத்தினாள். பயத்துக்கு மட்டும் அவளிடம் மருந்து இல்லை.

நடக்கும்போது ருசானா கேட்டாள்: “அக்கா, என் தலைய எதுக்குப் பின்னுனீங்க?”

அவிழ்த்துவிட்டிருந்த கூந்தலின் அடியில், பிடரியோரம், விரல் கனத்துக்கு ஒரு பின்னல். அதன் நுனியில் இரட்டைச் சுற்று. இடப்பக்கம் திரும்பியது. வெலிகா அதைப் பார்த்தாள், பிறகு நெவேனாவின் கைகளைப் பார்த்தாள், பின்னலைப் பிரித்துவிட்டாள். அதற்குள் ஜன்னல் திரையில் ஒரு முடிச்சு இருந்தது. துண்டின் ஓரத்தில் ஒன்று. தண்ணீர்ச் செம்பின் கழுத்தில், யார் சுற்றினார்களோ, ஒரு கம்பளி நூல். அவிழ்க்க அவிழ்க்க அறையின் இன்னொரு மூலையில் இருந்தது. கட்டுவதை யாரும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும்போது கட்டியிருந்தது.

நைதென் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து திரும்பி வந்தான். கீழே டாக்டரிடம் போனில் பேசியாயிற்று. பனி தள்ளும் வண்டி கணவாய்க்கு அந்தப் பக்கமே நிற்கிறது, சாயங்காலத்துக்கு முன்னால் ஏற முடியாது என்றார்களாம். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு கதவோரமே நின்றான். உள்ளே வரத் தைரியமில்லை, வெளியே போகவும் மனமில்லை. அவனுடைய இடுப்புக் கச்சை அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ருசானா, கண்ணை மூடியபடி, மிகச் சாதாரணமான குரலில் சொன்னாள்:

“அக்கா, கால் கட்ட அவுத்து விடுங்க. நோவுது.”

நெவேனா போர்வையை விலக்கினாள். கால்கள் கட்டியில்லை. ஆனால் இரண்டு கணுக்கால்களையும் சுற்றி, இரண்டு விரல் அகலத்துக்கு, சிவந்த தடம். குனிந்து பார்த்தாள். தோலில் குறுக்கும் நெடுக்குமாக நெசவு பதிந்திருந்தது. பேண்டேஜ் துணியின் நெசவு.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தோன்கா செத்த அன்றைக்கு ஆகஸ்ட் வெயில். ஜன்னி தொற்றிவிடும் என்று பயந்து எல்லாப் பெண்களையும் வெளியே அனுப்பிவிட்டு, தோன்காவை நெவேனாவே கழுவி உடுத்திவிட்டாள். கால்கள் நேராக நிற்பதற்காகக் கணுக்கால்களைப் பேண்டேஜால் சேர்த்துக் கட்டினாள். கட்டுவது வழக்கம்தான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அதை அவிழ்த்துவிடுவதும் வழக்கம்; அவிழ்க்காவிட்டால் செத்தவர் போக வேண்டிய இடத்துக்கு நடந்து போக முடியாது என்பார்கள். அவிழ்ப்பது பெண்கள் வேலை. பெண்கள் வெளியே இருந்தார்கள். வெயிலுக்குப் பயந்து ஆண்கள் அவசரப்பட்டார்கள். அவள் மேஜையருகே உட்கார்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஆணி அடிக்கும் சத்தம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டில் பேண்டேஜைச் சுருட்டும்போது ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சொன்னாள். வெலிகாவை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போய், அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வெலிகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு கேட்டாள்:

“அவ அன்னிக்குப் பெத்து முடிக்கவே இல்லியே. முடிக்காதவளயா கட்டி வச்ச?”

மகனைக் கூப்பிட்டாள். கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போ என்றாள். எதற்கென்று அவன் கேட்டதற்கு, போய் உன் பெண்டாட்டி காலை அவிழ்த்துவிட்டு வா என்றாள். எந்தப் பெண்டாட்டி என்று அவன் கேட்கவில்லை.

கல்லறை மேடு வீட்டுக்குப் பின்புறச் சரிவில், ஜன்னலின் மேல் பாதியில் தெரிந்தது. நைதென் இடுப்பளவு பனியில் நீந்துவதுபோலப் போனான். ஆழமான பனிக்கு அடியில் மண் உறைவதில்லை, தோண்டிவிட முடியும். நேரம்தான் ஆகும். கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்கத் தொடங்கியது, பனியில் மழுங்கி, துணிக்குள் சுற்றிய சுத்தியல்போல. ஒரு அடி. ருசானாவின் வயிறு கல்லாக இறுகியது. இடைவெளி. இன்னொரு அடி. இன்னொரு வலி. நெவேனா கடிகாரத்தைப் பார்க்க விரும்பவில்லை, பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே வந்தன. மத்தியானம் கழிந்து மூன்று மணிக்கு மூன்று விரல், நான்கு மணிக்கும் மூன்று விரல். மரக்குழலில் குளம்படி தளரத் தொடங்கியிருந்தது. ருசானா கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் மோசம். ஒவ்வொரு வலிக்கும் உதட்டை மட்டும் திறந்து மூடினாள். அவள் நெற்றியைத் துடைப்பதைத் தவிர நெவேனாவுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. துடைத்தாள், துணியைப் பிழிந்தாள், மறுபடி துடைத்தாள்.

“நான் செத்துருவேனா அக்கா?”

“பேசாத. மூச்ச விடு.”

“தோன்காக்காகிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களா?”

இதை இவளுக்கு யார் சொன்னது? அன்றைக்கு நெவேனா சொன்ன வார்த்தை அதுதான்.

வெளியே சத்தம் நின்றது.

காற்றும் நின்றது. கதவுகள் முனகவில்லை. முற்றத்தில் குதிரை நடப்பதை நிறுத்தி, வீட்டைப் பார்த்தபடி நின்றது.

ருசானா திடீரென்று அடித்தொண்டையில் உறுமினாள். முக்கும் சத்தம். நெவேனா கை வைத்துப் பார்த்தாள். கர்ப்பவாயின் விளிம்பே இல்லை. முழுதாகத் திறந்திருந்தது. கணுக்கால் தடங்கள் மறைந்திருந்தன. வெலிகா சிலுவை போட்டுக்கொண்டாள். அவிழ்த்துவிட்டான், என்றாள், என் மகன் அவிழ்த்துவிட்டான். நெவேனாவின் கண்ணில் நீர் முட்டியது. வெந்நீர், துணி, கத்தரிக்கோல். கட்டிலின் கால்மாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலிக்குக் காத்திருந்தாள்.

தலை தெரிந்தது. வால்நட் அளவுக்கு, ஈரமான கறுப்பு மயிர்.

வாசலில் காலடி. நைதென் நின்றான், முழங்கால்வரை மண். வலது கையை நீட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒரு வளையம் தொங்கியது. பழுப்பேறிய பேண்டேஜ் துணி. இரண்டு கணுக்கால் அளவுக்கு.

“தொறந்தேன் நர்சம்மா,” என்றான். “முடிச்சு அவுறல. போட்டது போட்டபடியே இருக்கு.”

வளையத்தைத் திருப்பிக் காட்டினான்.

“உள்ள கால்தான் இல்ல. அவளே இல்ல. பொட்டி காலி.”

ஈர மண் வாசனை. மிகப் பக்கத்தில்.

“வருது அக்கா,” என்றாள் ருசானா. “புடிங்க. புடிங்க.”

மயிர் கொய்யாப்பழ அளவுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு வலி. நெவேனா கையை நீட்டினாள்.

கை நீளவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் கைகள் மடியில் இருந்தன. கோத்திருந்தன. அவள் கோக்கவில்லை. பிரித்தாள். பிரியவில்லை. இழுத்தாள். விரல் முட்டிகள் வெளுத்தன. வெலிகா ஓடிவந்து ஒரு விரலைப் பிடித்து நெம்பினாள். பிடித்த விரலைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். சுவரோரம் பின்வாங்கினாள்.

நெவேனா விரல்களை எண்ணினாள். ஐந்து. பத்து.

பதினைந்து.

நடுவில் இருந்தவை வெளுத்து, நீரில் ஊறியதுபோல உப்பியிருந்தன. நகக்கண்ணில் களிமண். அவள் விரல்களுக்கு இடையே ஒன்றுவிட்டு ஒன்றாக நுழைந்து, மெதுவாக, அவசரமில்லாமல், இறுக்கிக்கொண்டிருந்தன.

“அக்கா!”

அவள் கண்ணெதிரே தலை உள்ளே போகத் தொடங்கியது. கொய்யாப்பழம். வால்நட். ஈரமான ஒரு கீற்று. பிறகு அதுவும் இல்லை.

ருசானாவின் வயிறு மறுபடி கல்லாக இறுகியது. அவள் முக்கவில்லை, அவளுக்குத் தெம்பு இல்லை.

நெவேனாவின் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. மூச்சை இழுத்தது. அடக்கியது. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ முக்கினார்கள்.