மூச்சு இருபது

ரபாப் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது பவுண்டு. அதைக் கட்டினால்தான் நர்சிங் பட்டம் கைக்கு வரும். நான்கு வருடப் படிப்பு முடிந்துவிட்டது; ஆஸ்பத்திரிப் பயிற்சி வருடமும் இன்னும் பதினொரு நாளில் முடிகிறது. கல்லூரிக்கு முதலாளியான டாக்டரே இந்த ஆஸ்பத்திரிக்கும் முதலாளி. பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு பாடம் நடத்துவார், பிறகு அதே பிள்ளைகளைச் சம்பளம் இல்லாமல் வார்டில் நிறுத்துவார். செங்கல் சூளைக்காரனுக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

ரபாப் அதைக் குறையாக நினைத்ததில்லை. அவளுக்குப் பட்டம் வேண்டும். டிப்ளமோ படித்து வந்த நர்சுகளை அவள் ஊசிக்காரிகள் என்பாள். நோயாளியைப் புரட்டுவதும் துடைப்பதும் அவர்கள் பாடு. எழுதுவது அவள் வேலை. எழுதத்தான் இவ்வளவு செலவழித்துப் படித்தது.

அன்று காலை எட்டு மணிக்கு டியூட்டிக்கு வந்து உட்கார்ந்தபோது அறையில் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. வெளியே பாலைவன மண்ணை வாரிவரும் கமாசீன் காற்று ஆரம்பித்திருந்தது. தந்தா நகரத்தின் மேல் வானம் துலக்காத பித்தளை நிறத்தில் இறங்கி நின்றது. ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த ஈரத்துண்டுகளையும் மீறி மண் உள்ளே வந்து மேசையிலும் தேநீர் கிளாஸிலும் படிந்து பல்லுக்கிடையில் நறநறத்தது. தெருவின் சத்தமெல்லாம் கம்பளிக்குள் சுற்றி வைத்ததுபோல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பாதித் தேநீர் குடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இருமல் இல்லை.

திரைச்சீலைக்குப் பின்னால் கிடந்த தஸூக்கி என்ற கிழவர் ஐந்து நாளாக விடாமல் இருமிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தரைக்கல் அறுத்தவர். அறுத்த கல்லெல்லாம் ஊரார் வீட்டில் பளபளக்கிறது. தூள் முழுக்க அவர் நெஞ்சுக்குள் இருந்தது. தீவிர சிகிச்சை அறையில் கட்டில்கள் நான்கு, நோயாளி அவர் ஒருவர்தான். சத்தம் ஒழிந்தது என்று ரபாப் நினைத்தாள். அவித்த மொச்சை வைத்த ரொட்டியைக் காகிதத்திலிருந்து பிரித்தாள்.

சார்ட்டில் எட்டு மணி வரி காலியாக இருந்தது. மானிட்டர் மூன்று நாளாகப் பழுது. அதன் வாடகை மட்டும் பில்லில் பழுதில்லாமல் ஓடியது. மணிக்கொரு தடவை கட்டிலுக்குப் போய், தொட்டு, எண்ணி எழுத வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும் என்று முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களே எண்ணுவதில்லை. எல்லாரும் இருபது என்று போடுவார்கள். ரபாப் ரொட்டியை மென்றுகொண்டே போட்டாள். பிரஷர் 120/80. காய்ச்சல் 37. நாடி 80. மூச்சு 20.

ஒன்பது மணிக்கும் அதே. பத்து மணிக்கும் அதே. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

பத்தேகாலுக்குத் தரை துடைக்கும் உம்மு பத்ர் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“மிஸ், பெரியவர் கால் ஜில்லுனு இருக்கு.”

ஏசி ஓடினால் ஜில்லென்றுதான் இருக்கும் என்று ரபாப் தலை நிமிராமல் சொன்னாள்.

“நான் பள்ளிக்கூடம் போனதில்ல மிஸ். ஆனா செத்த கால் எப்படியிருக்கும்னு தெரியும்.”

ரபாப் எழுந்து போனாள். கிழவரின் கண் பாதி திறந்திருந்தது. வாய் ஓரத்தில் ஈரம் காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது. தாடையைத் தொட்டாள். மரம். தாடை அப்படி இறுகுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவும் பாடத்தில் வந்ததுதான், அதற்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அப்படியானால் அவள் வந்து உட்கார்வதற்கு முன்பே போய்விட்டார். பிணத்துக்கு மூன்று தடவை மூச்சு எழுதியிருக்கிறாள், கையெழுத்தோடு. இது வெளியே தெரிந்தால் தலைமை நர்ஸ் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாட்டாள். பட்டம் போயிற்று.

உம்மு பத்ர் ஒரு துணிப்பட்டையைக் கிழித்து, ஏதோ முணுமுணுத்தபடி, கிழவரின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். கண்களை மூடப் பார்த்தாள், மூடவில்லை. ரபாபின் கையிலிருந்த பேனாவை ஒரு தடவை பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உம்மு பத்ர் சொல்லித் தலைமை நர்ஸ் இன்ஸாஃப் வந்தாள். வந்தவள் கட்டிலைப் பார்க்கவில்லை, சார்ட்டைப் பார்த்தாள். மூன்று வரியையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“அழகா எழுதியிருக்கியே. ஏன் நிறுத்தணும்?”

பிறகு கதவைச் சாத்திவிட்டு விவரம் சொன்னாள். இந்த ஆஸ்பத்திரியில் நாள் கணக்கு பகல் பன்னிரண்டுக்கு மாறும். பன்னிரண்டு தாண்டினால் இன்னொரு நாள். ஒரு நாளுக்கு ஏழாயிரம். கிழவரின் மகன் பணம் எடுத்துக்கொண்டு கிராமத்திலிருந்து மைக்ரோபஸ்ஸில் வருகிறான். இந்தக் காற்றில் இரண்டு மணிக்கு முன்னால் வந்து சேர மாட்டான். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் எப்போதும்போல எழுது. ஒரு மணிக்குச் சாவு எழுது. உன் புத்தகத்தில் கையெழுத்து என் பொறுப்பு. பாக்கியைப் பற்றி டாக்டரிடம் நானே பேசுகிறேன்.

“முழுசுமா?” என்று ரபாப் கேட்டாள்.

“அந்த அறுநூத்தம்பதும் சேத்து. அவருக்கு அது டீச்செலவு. நீ எழுது, பட்டதாரியம்மா. அதுக்குத்தானே படிச்ச.”

இப்படியாக, ஒரு கல் அறுத்தவனின் சாவைத் தள்ளிப்போட இரண்டு படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தார்கள். பேரம்கூட இல்லை.

பதினொரு மணிக்கு ரபாப் எழுதினாள். 120/80. 37. 80. 20. பேனாவை மூடினாள்.

காற்று வலுத்தது. வானம் பித்தளையிலிருந்து துருவாக மாறியது. பகல் பதினொரு மணிக்கு அறைக்குள் விளக்கு தேவைப்பட்டது, அந்த விளக்கும் மங்கி, எரிந்து, மறுபடி மங்கியது. ஈரத்துண்டுகள் காய்ந்து ஜன்னலோரம் மண் வாசனையும் மருந்து வாசனையும் கலந்து வந்தது, புதிதாகத் தோண்டிய குழியில் டெட்டால் ஊற்றியதுபோல. அவள் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. உப்புத்தாளை மரத்தில் மெதுவாக இழுப்பதுபோல் ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தள்ளல்.

ஜன்னல் என்று சொல்லிக்கொண்டாள். ஏசி என்று சொல்லிக்கொண்டாள். ஏசியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

நான்கு வருடப் படிப்பில் முதல் தடவையாக, ரபாப் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள்.

இருபது.

திரைச்சீலையை விலக்கினாள். கிழவர் அதே மாதிரிதான் கிடந்தார். தாடைக்கட்டு அப்படியே. ஆனால் போர்வைக்கடியில் நெஞ்சு ஏறியது, இறங்கியது, எந்திரத்துக்குச் சாவி கொடுத்ததுபோல ஒரே அளவில். நகங்கள் கருநீலம். காலைத் தொட்டாள். சூடு. கையை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை, அடுப்பருகில் கிடந்த விறகைப்போல் சூடாக விறைத்திருந்தது. தெர்மாமீட்டர் வைத்தாள். 37. அந்த விறைத்த கையில் எப்படியோ பிரஷர் பட்டையைச் சுற்றினாள். 120/80.

பாதி திறந்த கண்களின் மேல் மண் படிந்திருந்தது. விழியின் மேலேயே, மேசையில் படிவதுபோல, மெல்லிய பழுப்பு மண். அவர் இமைக்கவில்லை.

ரபாப் பின்னால் நடந்தே மேசைக்கு வந்தாள். ஊசிக்காரிகளில் ஒருத்தி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. யாரும் இல்லை. தாழ்வாரத்தில் உம்மு பத்ரின் வாளி மட்டும் நின்றது, தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் சார்ட்டைப் பார்த்தாள். 20 என்பதை அடித்து, பக்கத்தில் 24 என்று எழுதினாள்.

சத்தம் வேகமானது.

எண்ணினாள். இருபத்து நான்கு. அதை அடித்தாள். மறுபடி 20 என்று எழுதினாள். சத்தம் தணிந்தது. சொன்னபடி கேட்கிற மாட்டைப்போல.

அப்போது அவளுக்கு எல்லாம் புரிந்தது. மூச்சுக் கட்டத்தில் ஒரு சுழி, ஒரு பூஜ்யம், போட்டால் போதும். கிழவர் போய்விடுவார். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் மணி பன்னிரண்டு ஆகவில்லை. பதினொரு மணி வரியில் சுழி போட்டால் ஏழாயிரம் போகும், கையெழுத்து போகும், பட்டம் போகும். பேனாவைக் கீழே வைத்தாள். காதைப் பொத்திக்கொண்டு பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தாள்.

பன்னிரண்டுக்கு எழுதினாள். இருபது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் மகன் வந்துவிட்டான். அய்யாத் என்று பெயர். இரண்டு மணிக்குத்தான் வருவான் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள்; அவனோ விடியுமுன் கிளம்பிப் பாதி வழி நடந்திருக்கிறான். அங்கி, தாடி, புருவம் எல்லாம் மண். எருமையை விற்ற பணத்தை மார்போடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தான். இன்ஸாஃப் தடுப்பதற்குள் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டான்.

அவன் அலறுவான் என்று ரபாப் காத்திருந்தாள். அவன் அலறவில்லை.

“அல்ஹம்துலில்லாஹ். இருமல் நின்னுடுச்சே.” அப்பாவின் கையை முத்தமிடும் சத்தம் கேட்டது. “கை என்ன சூடு. நேத்து போன்ல பிழைக்க மாட்டார்னு சொன்னீங்களே மிஸ்.”

தாடையில் எதற்குக் கட்டு என்று கேட்டான். வாய்க்குள் மண் போகாமல் இருக்க என்றாள் இன்ஸாஃப். அவன் அதற்கும் நன்றி சொன்னான்.

இன்ஸாஃப் உள்ளே போய்ப் பார்த்தாள். வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அவளுக்கும் பயம் வரத்தான் செய்தது. ஆனால் கணக்கு அதைவிட வேகமாக வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு தாளும் முத்திரைக்கட்டையும் இருந்தன.

“சாவு எழுத வேணாம்,” என்றாள் மெதுவாக. “மூச்சு இருக்கிற வரைக்கும் நோயாளி. வர்ற வியாழக்கிழமை நிலத்த வித்துட்டு வரேங்கிறான் மகன்.”

“மிஸ், அது மூச்சில்ல.”

“நான் எழுதினேனா? நீ எழுதின.”

தாளை மேசையில் வைத்தாள். ரபாப், இறுதி வருடம், கல்விக்கட்டணப் பாக்கி. கீழே டாக்டரின் பெயர். கட்டைக்கு மையும் தொட்டாயிற்று. ஒரு மணி வரியை நீ நிரப்பு, நான் முத்திரை வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

வெளியே இருட்டிவிட்டது. பகல் ஒரு மணி. காற்று நின்றது. அந்த அறையில் இப்போது ஒரே சத்தம்தான்.

இழுப்பு. நிறுத்தம். தள்ளல்.

சுழி போட்டுவிடு என்று ரபாபுக்குள் ஏதோ சொன்னது. சின்னச் சுழி. மகன் அழுவான், குளிப்பாட்டுவான், சாயந்திரத்துக்குள் மண்ணுக்குள் வைத்துவிடுவான். நிலம் மிஞ்சும். அவள் மட்டும் நான்கு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

பேனா முனை மூச்சுக் கட்டத்தின் மேல் நின்றது.

“மிஸ்!” திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அய்யாத் கூப்பிட்டான். குரலில் சந்தோஷம். “இங்க வாங்க. அப்பா அழறாரு. என்னை அடையாளம் தெரிஞ்சிருச்சு.”

போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள். திரைச்சீலையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தாள்.

கிழவரின் விழிமேல் படிந்த மண்ணுக்கு நடுவே ஒரு ஈரக்கோடு. அது சேறாகிக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மகன் அங்கிக் கையால் துடைக்கத் துடைக்க வந்தது. விழி அவனைப் பார்க்கவில்லை. இமைக்காமல், அவன் தோளுக்கு மேலாக, அவளைப் பார்த்தது. அவள் கையைப் பார்த்தது. பேனாவை.

தாடைக்கட்டுக்குள் வாய் திறக்க முயன்றது. கட்டு இறுகியது.

ரபாப் மேசைக்கு வந்தாள். உட்கார்ந்தாள்.

120/80.

37.

80.

இன்ஸாஃப் முத்திரைக்கட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

20.

கட்டை தாளில் இறங்கியது. இருபத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது பவுண்டு, முழுவதும் தள்ளுபடி.