மேஸ்திரி சட்டை

சாரக்கம்பில் தொங்கிய திருஷ்டி பொம்மையின் வலது கையில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. சென்னம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம்.

வைக்கோல் திணித்த உடம்பு, சுண்ணாம்பில் கண்ணும் பல்லும் வரைந்த பானைத் தலை. உடுத்தியிருந்தது மேஸ்திரி ராசப்பனின் பழைய நீலக் கட்டம்போட்ட சட்டை. வேலை தொடங்கிய அன்று அவனே மாட்டிவிட்டது.

"மேஸ்திரி சட்டையப் போட்டாத்தானுங்க்கா ஊட்டு மேல உழுவற கண்ணு எம்மேல உழுவும்."

அதற்குப் பிறகு, கண் படுகிற அளவுக்குக்கூட அவன் அங்கே நின்றதில்லை.

பக்கவாதத்தில் விழுந்த அவள் புருஷன் சின்னக்கண்ணு, நாமக்கல்லில் மகள் பரிமளா வீட்டில் கிடந்தார். சக்கர நாற்காலி நுழைய, படியில்லாமல் ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை. அவ்வளவுதான் வேலை. அது முடிந்தால்தான் அவர் இந்த மலை வீட்டுக்கு ஏறி வர முடியும். "எப்பப் புள்ள கூட்டிட்டுப் போவ?" என்று தினமும் போனில் குழறுவார். நாளை சாயங்காலம் பரிமளா காரில் அழைத்து வருகிறாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டாள்.

நேற்று ராசப்பன் போனில் சொன்னது:

"ஏனுங்க்கா, மாமியா எறந்துபோச்சுங்க. நாளைக்கு வாரேன்."

"அந்தம்மா போன மாசமே செத்துப்போச்சே ராசப்பா."

"அது பெரிய மாமியாருங்க."

போனை வைத்த சலிப்பில் அவள் பொம்மையிடம் சொன்னாள். "இவன் வரமாட்டான் சாமி. நீ எறங்கி வேலயப் பாரு. அவன் வேணா மேல தொங்கட்டும்."

இப்போது புது அறைக்குள் போய்ப் பார்த்தாள். அவள் மிளகு காயவைக்கப் போய்வந்த நேரத்துக்குள், வெறும் செங்கல்லாய் நின்ற சுவர் முழுக்கப் பூசியிருந்தது. மழமழப்பான பூச்சு. ஆனால் கரண்டி இழுத்த தடம் இல்லை. மெல்லிய கீறல்கள், வைக்கோல் தாளால் தேய்த்ததுபோல். ஈரச் சிமெண்ட் வாசத்துக்கு அடியில் நனைந்த மாட்டுத்தீனி வாசம்.

ராசப்பனை அழைத்தாள்.

"வந்துட்டுப் போனியா?"

"இல்லீங்க்கா." குரல் வறண்டிருந்தது. "ஒடம்புக்கு ஆவல. கையி ரெண்டும் மரத்துக் கெடக்குது. வெரல மடக்குனா சரசரங்குது. வாயெல்லாம் வைக்கோலு..."

இதுவரை சொன்ன சாக்கு காய்ச்சல், லாரி, மழை, மாமியார். இன்றைக்கு வைக்கோல்.

"சரி, படுத்துக்க" என்றாள். ஆனால் அந்தச் சரசரப்பு போனிலும் கேட்டது.

அரிவாளோடு சாரத்தடியில் போய் நின்றாள். ஒரே வெட்டு, கயிறு அறுந்துவிடும். ஆனால் தரைக்கு டைல்ஸ் போடவில்லை. கதவு நிறுத்தவில்லை. புருஷனின் குழறல் காதுக்குள்ளேயே இருந்தது.

"நாளைக்கு ஒரு நாளுதான் சாமி" என்றாள்.

அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் சாரத்தின் பக்கமோ புது அறைக்குள்ளோ எட்டிப் பார்க்கவில்லை. அடுக்களையில் உட்கார்ந்தபடி, மணல் சலிக்கிற சத்தத்தையும், சட்டியைக் கரண்டி வழிக்கிற சத்தத்தையும், இடையிடையே மாடு அசைபோடுவதுபோல் ஏதோ மெல்லப்படுகிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் அழுகும் பலாப்பழ வாடையையும் மீறி அந்த வைக்கோல் வாசம் சுவர் வழியாகக் கசிந்துகொண்டே இருந்தது. பழக்கதோஷத்தில் டீ போட்டுப் புது அறை வாசலில் வைத்தாள். எடுக்கப் போனபோது டம்ளர் காலியாக இருந்தது. விளிம்பில் ஒரு வைக்கோல் துணுக்கு.

பொழுது சாய்ந்தது. பனி முற்றத்தை மூடியது. சத்தம் நின்றது.

கீழ் வளைவில் கார் ஏறும் ஓசை.

போதும். வேலை முடிந்துவிட்டது. இனி அவனை வரச்சொல்லி, அவன் கையாலேயே அந்தப் பொம்மையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

ராசப்பனை அழைத்தாள்.

மணி அடித்தது. காதில் ஒன்று. வெளியே ஒன்று.

வாசலுக்கு வந்தாள். சாரத்தைப் பார்த்தாள். மேலே. நீலக் கட்டம்போட்ட சட்டையின் பையில் வெளிச்சம் மினுங்கியது.

முதுகுக்குப் பின்னால், புது அறைக்குள்ளிருந்து, ராசப்பனின் குரல்.

"முடிஞ்சுதுங்க்கா. அய்யாவ உள்ளார கூட்டியாங்க. நானே தூக்கிப் படுக்க வெக்கறேன்."

அவள் திரும்பவில்லை. கார் விளக்கு முற்றத்தில் விழுந்தது.

சுண்ணாம்புப் பல் இளிக்கும் பானைக்குக் கீழே, ஒரு மனிதத் தொண்டை எச்சில் விழுங்கியது.